எண்ணெய் காயும் வாசம்

நூர்தினின் சின்ன டிராக்டரில் அன்று காலை ஸ்டீயரிங் சக்கரம் முழுக்க உறைபனி பூத்திருந்தது, இரண்டு இடங்களைத் தவிர.

நெற்றியில் கட்டிய விளக்கோடு, ஒரு கையில் பேட்டரியும் மறு கையில் ஆவி பறக்கும் எண்ணெய்த் தகரமுமாகக் கொட்டகைக்குள் நுழைந்தவன், டீசலும் ஆட்டுப் புழுக்கையும் உலர்புல்லும் கலந்த பழகிய வாடைக்குள் நின்று, எஞ்சின் மூடியிலும் இருக்கையிலும் மட்கார்டிலும் இரவெல்லாம் வெள்ளை ரோமம் போலப் படிந்து கிடந்த உறைபனியை விளக்கால் தடவிக்கொண்டே வந்தபோது, சக்கரத்தில் வெளிச்சம் தடுக்கி நின்றது. வலப்பக்கம் ஒரு கை அகலம். இடப்பக்கம் ஒரு கை அகலம். அங்கே மட்டும் கருப்பு. ஈரம்.

கையுறையைக் கழற்றித் தொட்டான். எங்கள் ஊர் டிசம்பரில் இரும்பை வெறுங்கையால் தொட்டால் தோலைக் கொடுத்துவிட்டுத்தான் கையை வாங்க முடியும். இது சில்லிடவில்லை. இப்போதுதான் யாரோ கையை எடுத்த மாதிரி இருந்தது.

எலி, என்று சொல்லிக்கொண்டான். எலிக்கு அவ்வளவு பெரிய கை ஏது என்று அவனே கேட்டுக்கொள்ளவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் எங்கள் தெருவுக்குப் புதியவர்கள். அவன் தன் பெண்டாட்டி சய்ராவிடம் சொன்னது, சய்ரா என் அடுப்படியில் உட்கார்ந்து உப்புத் தேநீரோடு சொன்னது, யாரும் சொல்லாமல் என் சன்னல் வழியாக நானே பார்த்தது. மிச்சம் கொஞ்சம் உண்டு. அது அவனை அறிந்தவர்களுக்குத் தானாக விளங்கும்.

குளிர்காலத்தில் டிராக்டர் வைத்திருப்பது கைக்குழந்தை வைத்திருப்பதைவிட மோசம். சாயங்காலம் வேலை முடிந்து சூடு ஆறுமுன்னே அடித்திருகைக் கழற்றி எஞ்சின் எண்ணெயைத் தகரத்தில் வடித்துக்கொள்ள வேண்டும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் அடுப்போரம் வைக்க வேண்டும். டீசலில் மண்ணெண்ணெய் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய்க்குள் கூழாகிவிடும். எஞ்சினுக்குத் தடித்த கம்பளம் போர்த்த வேண்டும். விடியற்காலையில் தகரத்தை அடுப்பில் ஏற்றி, எண்ணெய் தண்ணீர் மாதிரி இளகும்வரை காய்ச்சி, சூட்டோடு சூடாகக் கொண்டுபோய் ஊற்றினால் வண்டி இருமிக்கொண்டு எழுந்திருக்கும். பெற்ற பிள்ளைகளுக்கு ஒரு ராத்திரி போர்வை இழுத்துவிட்டதில்லை, அந்த இரும்புக்கு மட்டும் என்ன சீராட்டு என்று சய்ரா சொல்லுவாள். சொல்லக்கூடியவள்தான்.

சீராட்டாமலும் முடியாது. ஆடுகள் மொத்தமும் பள்ளத்தாக்குக்கு மேலே குளிர்காலப் பட்டியில் கிடக்கின்றன. பனி இடுப்பளவு. வெறும் குதிரை போகாது. முன்னால் பனித்தள்ளியும் பின்னால் புல் ஏற்றிய சறுக்கு வண்டியுமாக அந்தச் சின்ன டிராக்டர் போனால்தான் ஆடு தின்னும். ஆடு தின்றால்தான் வீடு தின்னும்.

டிராக்டர் அவனுடையது அல்ல. அண்ணன் இஷெனுடையது.

போன குளிர்காலத்தில் இஷென் பட்டியிலேயே தங்கி ஆட்டைப் பார்த்துக்கொண்டான், தம்பி கீழேயிருந்து புல் கொண்டுபோனான். ஒரு நாள் மத்தியானம் இஷென் போன் செய்தான். வழுக்கி விழுந்ததில் முழங்கால் வீங்கிவிட்டது, வண்டியைக் கொண்டுவந்து கூட்டிப் போ என்றான். கிளம்பவில்லை அண்ணே, எண்ணெய் கட்டியாகக் கிடக்கிறது, நாளைக்குப் பார்க்கிறேன் என்றான் தம்பி. அன்று எதிர்த் தெருவில் ஒரு கல்யாண விருந்து. குதிரைக் கறி. நூர்தின் அங்கே நன்றாகச் சாப்பிட்டான், நானே பரிமாறினேன்.

இஷென் நொண்டிக்கொண்டே நடந்து இறங்கினான். மலைப்பாதையில் ஒற்றை ஆர்ச்சா மரம் நிற்கும் வளைவில் மறுநாள் கண்டெடுத்தார்கள். பனியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஸ்டீயரிங்கைப் பிடித்த மாதிரி. குளிப்பாட்டியவர்கள் என்ன செய்தும் அந்த விரல்களை நிமிர்த்த முடியவில்லை. அப்படியேதான் மண்ணுக்குப் போனான். முந்தின நாள் கிளம்பாத வண்டி, கபரஸ்தான் பாதையில் பனி ஒதுக்குவதற்கு முதல் திருப்பிலேயே கிளம்பிற்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவனிடம் சொல்லவில்லை என்று அர்த்தம்.

ஆக, எலி.

மறுநாள் காலையில் இருக்கையிலும் உறைபனி இல்லை. உட்கார்ந்து எழுந்த அகலத்துக்குத் தோல் பளபளத்தது. எஞ்சின்மேல் அவன் எப்போதும் கழுதைக்குப் போடுவது போல வீசிவிட்டுப் போகும் கம்பளம், மூன்றாக மடித்து மட்கார்டின்மேல் வைத்திருந்தது. மூன்றாக மடிப்பது யார் பழக்கம் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த மட்கார்டும் அப்படித்தான். இஷென் ஓட்டுவான், நூர்தின் பக்கத்து மட்கார்டில் குந்திக்கொண்டு கம்பியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். கல்யாணமாகி மீசை நரைக்கத் தொடங்கின பிறகும் அப்படித்தான் போவான். கோழி, என்று கிண்டல் செய்வோம்.

பேட்டரி ராத்திரி முழுக்க வீட்டுக்குள் அவன் கால்மாட்டில் இருந்தது. எண்ணெய் அடுப்போரம் இருந்தது. இரண்டும் இல்லாத வண்டி வெறும் இரும்பு. வெறும் இரும்பில் ஏறி யார் எங்கே போக முடியும்?

எங்கும் போகவில்லை. உட்கார்ந்து காத்திருந்தது.

அதற்கடுத்த நாள் அவன் எண்ணெய் காய்ச்சவில்லை. காய்ச்சும்போதுதான் முதுகுக்குப் பின்னால் யாரோ சூடு காய நிற்பது போல இருக்கிறது என்று சய்ராவிடம் சொன்னானாம். பச்சை எண்ணெயைக் கொண்டுபோய் ஊற்றினான். களிம்பு மாதிரி இறங்கியது. எஞ்சின் அரைச் சுற்று சுற்றி முனகிவிட்டு நின்றது. மறுநாளும் அப்படியே. பட்டியிலிருந்து கூலி மேய்ப்பன் போன் செய்தான். புல் தீர்ந்துவிட்டது, ஆடுகள் ஒன்றின் முதுகு ரோமத்தை ஒன்று பிடுங்கித் தின்கின்றன, சினையாடு இரண்டு எழுந்திருக்கவில்லை, வருகிறாயா இல்லை தோலை உரிக்கத் தொடங்கட்டுமா என்றான்.

அன்று வியாழக்கிழமை. சாயங்காலம் நூர்தின் முற்றத்தைக் கடந்து அண்ணி புருலின் வீட்டுக்குப் போனான். அவள் போர்சோக் பொரித்துக்கொண்டிருந்தாள்.

செத்தவர்கள் சாப்பிடுவதில்லை, மோந்துதான் பசியாறுகிறார்கள். வியாழன்தோறும் எண்ணெய் காயவைத்து, மாவுத் துண்டுகளைப் பொரித்து, வீட்டில் வாசம் எழுப்பிவிட வேண்டும். அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து, நம்மை நினைக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். புருல் வாரம் தவறியதில்லை. நூர்தின் வீட்டில் இந்த ஒரு வருஷத்தில் ஒரு தடவைகூட அண்ணன் பேருக்குச் சட்டி காயவில்லை. அண்ணி செய்கிறாளே, போதாதா என்பான்.

"உள்ள வாங்க சின்னவரே. வாசல்ல நின்னா சூடு வெளிய போகுது" என்றாள் புருல்.

அவன் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே கேட்டான். "அண்ணி, இங்க அவரு வர்றாரா?"

அவள் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாப்பது நாள் கதவைத் தாழ் போடாமப் படுத்தேன். பூனைதான் வந்துச்சு."

பிறகு அவன் எல்லாவற்றையும் சொன்னான். சக்கரம், இருக்கை, கம்பளம். அவள் கரண்டியால் துண்டுகளைப் புரட்டிப் புரட்டி விட்டாள்.

"அவருக்குப் போர்சோக்கு வாசமா பழக்கம்? கல்யாணமான புதுசுல எஞ்சின் எண்ணெய்த் தகரத்தைத் தலைமாட்டுல வெச்சுட்டுப் படுப்பாரு. ஆறிடுமாம். எனக்கும் அவருக்கும் நடுவுல அந்தத் தகரம்தான் படுத்துச்சு. நீங்க தினமும் விடியறதுக்குள்ள அதைக் காய்ச்சறீங்க. வேளை தவறாமக் கூப்பிட்டா யாருதான் வரமாட்டாங்க."

"நான் கூப்பிடல அண்ணி."

"காய்ச்சறீங்கல்ல."

காய்ச்சாமல் விட்டால் ஆடு செத்துவிடும் என்றான். அது அவளுக்கும் தெரியும், பாதி ஆடு அவளுடையது.

"வாசத்துக்கு வர்றவங்க நிக்க மாட்டாங்க. ஏதோ கேக்கணும்னு வந்தவங்கதான் உக்காந்து கெடப்பாங்க. உங்க வீட்டுல பொரிச்சு வெச்சு, அவரு கேக்கறதுக்கு உள்ளதைச் சொல்லிடுங்க. போயிடுவாரு."

"என்னத்தைச் சொல்றது?"

புருல் அடுப்பைத் தணித்தாள். "அன்னிக்கு எனக்கும் போன் பண்ணாரு. தம்பி வண்டி கிளம்பலையாம், எண்ணெய் கட்டியாயிடுச்சாம், நான் நடந்தே வர்றேன்னாரு. நான் அப்ப முற்றத்துல எரு பொறுக்கிட்டு நின்னேன். உங்க வீட்டுப் பக்கமிருந்து எண்ணெய் காயற வாசம் வந்துச்சு, சின்னவரே."

நூர்தின் சுருட்டியிருந்த தொப்பியை விரித்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

"சய்ரா ஏதாவது பொரிச்சிருப்பா" என்றான் நூர்தின்.

"இருக்கும்" என்றாள் புருல்.

உண்மை என்னவென்றால், அன்று மத்தியானம் அவன் தகரத்தை அடுப்பில் ஏற்றிக் காய்ச்சி முடித்துவிட்டான். புல் ஏற்றிக்கொண்டு பட்டிக்குப் புறப்பட இருந்தவன்தான். அப்போதுதான் விருந்துக்கு அழைப்பு வந்தது. அதன்பின் அண்ணன் அழைத்தபோது, போனைக் காதில் வைத்துக்கொண்டு, கொதிக்கும் எண்ணெயைப் பார்த்துக்கொண்டேதான் கட்டியாகக் கிடக்கிறது என்று சொன்னான். இதை வாய்விட்டுச் சொன்னால் எங்கள் தெருவில் அது வீட்டுக்குள் தங்காது. இன்னும் கொஞ்ச நாளில் அண்ணனுக்கு வருஷ விருந்து. சொந்தமெல்லாம் ஒரு பந்தியில் உட்கார்ந்து, கறியைக் கையில் வைத்துக்கொண்டு, இவன் முகத்தைப் பார்க்கும்.

வீட்டுக்கு வந்து சய்ராவைப் பொரிக்கச் சொன்னான். அவள் ஆச்சரியப்பட்டுக்கொண்டே பொரித்தாள். வாசம் கூரையைத் தொட்டு, சன்னல் இடுக்கு வழியாக முற்றத்துக்குள் இறங்கிற்று. நூர்தின் கையேந்தி துஆ ஓதினான். முகத்தைத் தடவிக்கொண்டான். பிறகு தட்டைப் பார்த்துச் சொன்னான்.

"அண்ணே, அன்னிக்கு எண்ணெய் கட்டியாத்தான் இருந்துச்சு. சத்தியமா."

தெருவில் குரைத்துக்கொண்டிருந்த நாய்கள் நின்றன. கொட்டகைக்குள் டிராக்டர் இருக்கையின் சுருள்கம்பி முனகியது. அந்தக் கம்பியை அவனுக்கு நன்றாகத் தெரியும். யாராவது உட்கார்ந்தால் ஒரு மாதிரி முனகும். எழுந்தால் ஒரு மாதிரி.

இது எழுந்தது.

காலையில் அவன் கண் விழித்தபோது வீடு முழுக்க வாசம். கனத்த, கருத்த, தொண்டையில் ஒட்டும் வாசம். அடுப்பில் தகரம் ஏறியிருந்தது. எண்ணெய் தண்ணீராக இளகி, மேலே ஆவி சுருண்டுகொண்டிருந்தது. பக்கத்தில் புனல், தூசி விழாமல் கவிழ்த்து வைத்திருந்தது. நூர்தின் ஒருநாளும் புனலைக் கவிழ்த்தவன் அல்ல. சய்ரா போர்வைக்குள்ளிருந்தே, இன்றைக்கு என்ன இவ்வளவு சீக்கிரம் எழுந்து அடுப்பு மூட்டினீர்கள் என்று கேட்டாள்.

 ஆடு செத்துக்கொண்டிருந்தது. தகரத்தை எடுத்துக்கொண்டு போனான். எண்ணெயை ஊற்றினான். சாவியைத் திருப்பினான். இருமல் இல்லை, நடுக்கம் இல்லை. சொல்வதற்காகக் காத்திருந்தது போல வண்டி எழுந்து நின்றது.

ஏறும்போது மட்கார்டைப் பார்க்காமல் ஏறினான்.

பாதை நெடுகப் பனித்தள்ளி இருபுறமும் வெள்ளையை ஒதுக்கிக்கொண்டே போக, சக்கரச் சங்கிலிகள் கிணுகிணுக்க, சறுக்கு வண்டியில் புல் கரகரக்க, எஞ்சினின் சூடு காலடியில் ஏறிக்கொண்டிருந்தது. வெயில்கூட வந்தது. பட்டியை எட்டுவதற்குள் அவனுக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்துவிட்டதாம், அங்கிருந்து சய்ராவுக்குப் போன் போட்டு அப்படித்தான் சொன்னான். ஆடுகள் புல்லின்மேல் விழுந்தன. மேய்ப்பன் திட்டிக்கொண்டே சிரித்தான்.

ஆக்தோஷ் மட்டும்தான் சரியில்லை. அது இஷெனின் நாய். எஜமான் போனதிலிருந்து நூர்தின் வந்தால் பாறைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். இன்றைக்கு ஓடி வந்தது. புல் வாரிப் போட்டுக்கொண்டிருந்தவனைத் தாண்டிப் போயிற்று. டிராக்டர் பக்கத்தில் போய் முன்காலைப் படியில் வைத்து, காலி இருக்கையை அண்ணாந்து பார்த்து, வாலை ஆட்டியது. தலையைச் சாய்த்துக் கொடுத்தது. காது மடங்கியது. தடவிக் கொடுத்தால் மடங்குமே, அப்படி.

நூர்தின் தேநீர் குடிக்காமல் கிளம்பினான்.

திரும்பும்போது வானம் இறங்கிவிட்டது. முதலில் பொடிப் பனி. பிறகு மலை இல்லை. பிறகு பாதை இல்லை, விளக்கு வெளிச்சத்தில் சாய்ந்து விழும் வெள்ளை மட்டும். காலையில் ஒதுக்கிய தடத்தைப் பிடித்துக்கொண்டே வந்தான். எண்ணெய் வாசம் கூடிக்கொண்டு வந்தது. எஞ்சினிலிருந்து வருவது எஞ்சின் பக்கமிருந்து வர வேண்டும். இது காதோரம் வந்தது. யாரோ மூச்சு விடுவது போல.

ஒற்றை ஆர்ச்சா மரம் தெரிந்தது.

வளைவில் எஞ்சின் சத்தம் தாழ்ந்தது. அவன் மிதித்தான். இன்னும் தாழ்ந்தது. நின்றுபோகவில்லை. தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. தெருவில் யாரோ வண்டி ஓட்டிப் போவதைப் படுக்கையில் கிடந்து கேட்பது போல. விளக்கு வெளிச்சம் எங்கே போயிற்று? குளிர் காலிலிருந்து இடுப்புக்கு ஏறியது. போனை எடுத்தான்.

"சய்ரா, நான் மரத்து வளைவுகிட்ட இருக்கேன். வண்டி என்னமோ..."

"என்னங்க விளையாட்டு" என்றாள் சய்ரா. "முற்றத்துக்குள்ளதான் வந்துட்டீங்களே. விளக்கு சுவத்துல அடிக்குது."

கேட்டது. போனுக்குள் கேட்டது. அவன் டிராக்டரின் சத்தம், புகைக்குழாய் ஓட்டையின் விக்கலோடு. நின்றது. கொட்டகைக் கதவு இழுபட்டது.

"கதவைத் தொறக்காத."

"நீங்களேதான் எண்ணெய் வடிக்கறீங்க. தகரம் வெக்கற சத்தம் கேக்குது."

"சய்ரா, அண்ணிகிட்ட சொல்லு. அன்னிக்கு எண்ணெய் சூடாத்தான் இருந்துச்சு. காஞ்சிட்டுதான் இருந்துச்சு. நான் பொய்..."

"பனிச் சத்தத்துல ஒண்ணும் புரியல. உள்ள வந்து சொல்லுங்க."

வாசற்படியில் பூட்ஸைத் தட்டும் சத்தம். ஒரு கால் கனமாக. ஒரு கால் நொண்டி.

போன் விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தான். கை வரவில்லை. கீழே பார்த்தான். இருக்கை இல்லை. பனி. முன்னால் சக்கரம் இல்லை. பனி. உடம்பு ஒருபக்கமாகத் திரும்பிக் குந்தியிருந்தது. இரண்டு கையும் பக்கவாட்டில் எதையோ கெட்டியாகப் பிடித்திருந்தன.

அங்கே ஒன்றும் இல்லை.

விடிந்ததும் நாங்கள்தான் போய்க் கண்டெடுத்தோம். வளைவில், பனியில், ஒருக்களித்துக் குந்தியிருந்தான், கோழி மாதிரி. பக்கத்தில் டயர்த் தடம் எதுவும் இல்லை, ராத்திரிப் பனி மூடியிருக்கும் என்றார்கள். விரல்களை நிமிர்த்த முடியவில்லை என்றார்கள் குளிப்பாட்டியவர்கள். இந்தத் தடவை அவர்கள் ரொம்பவும் முயலவில்லை. சய்ரா கதவைத் திறந்து பார்த்தபோது டிராக்டர் கொட்டகைக்குள் நின்றதாம், வாசற்படியில் யாரும் இல்லையாம். சூடான எண்ணெய்த் தகரமும் பேட்டரியும் மட்டும் இருந்தனவாம். புனல் கவிழ்த்திருந்ததாம்.

செத்தவனுக்காக ஆடு பசி பொறுக்குமா? அடக்கம் முடிந்த மறுநாள் சய்ரா அழுதுகொண்டே எண்ணெய் காய்ச்சினாள். ஓட்டுவதற்கு ஆள் வருவதற்குள் ஊற்றி வைத்துவிடலாம், கொட்டகைக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, விளக்குப் பிடிக்க வா என்று என்னைக் கூப்பிட்டாள்.  போகாமல் இருக்க முடியுமா, நான் யார்?

தகரத்திலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. விளக்கைத் தூக்கினேன். கம்பளம் மூன்றாக மடித்திருந்தது. எல்லாம் வெள்ளை. ஸ்டீயரிங் சக்கரத்தில் இரண்டு கை அகலத்துக்குக் கருப்பு.

மட்கார்டுக் கம்பியில் இன்னும் இரண்டு. கொஞ்சம் சின்னவை, நெருக்கமாக. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எண்ணெய் வாசம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும், பிடி இறுகினாற்போல அந்த இடத்திலிருந்து ஒரு சொட்டு வடிந்தது.